எவரு கொன்னாரு?

ஜூஜுவாடி
3 ஜூன் 2025

செய்தியாளர் ரெனிட்டா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். வெங்கட் எழுதுகிறேன். எந்த வெங்கட் என்று யோசிக்க வேண்டாம். "நானே கொன்னேன்: மனைவி சடலத்தின் முன் கதறிய கணவன்" என்று பிப்ரவரியில் நீங்கள் ஒரு வீடியோ போட்டீர்களே, அதில் ஆஸ்பத்திரி வராண்டாவில் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் நான்தான்.

இந்தக் காலத்தில் தபாலில் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். என்னிடம் போன் கிடையாது. இருந்ததை விற்றுவிட்டேன். முகம் தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிட்டு என் தாயை இழுத்துத் திட்டினார்கள். நம்பர் மாற்றினேன், அதையும் கண்டுபிடித்தார்கள். உங்கள் வீடியோ குடியிருக்கிற பொருளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவி ஜெசி சொல்லிக்கொடுத்தது. அவள் கிருஷ்ணகிரிப் பெண், தமிழ்க் கிறிஸ்தவர்கள். நாங்கள் ஓசூரிலேயே தலைமுறையாக இருக்கிற தெலுங்குக்காரர்கள். எழுத்தில் பிழை இருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஜெசிக்குக் காய்ச்சல். ஹைவே ஓரம் ஒரு மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கி வந்தேன். டாக்டர் சீட்டு இல்லை. அவள் விழுங்கிய கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கிப்போய் மூச்சு அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைக்கவில்லை. அந்த வராண்டாவில் நான் சொன்னது "நேனே கொன்னா". தெலுங்கில் அதற்கு "நான்தான் வாங்கினேன்" என்று அர்த்தம். மாத்திரையை வாங்கியது நான்தான் என்று சொல்லி அழுதேன். நீங்கள் அதைத் தமிழாக்கி ஊருக்குக் காட்டிவிட்டீர்கள்.

விஷம் எதுவும் இல்லை, மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ரிப்போர்ட் வந்து, போலீஸ் ஃபைலை மூடிவிட்டது. என் மாமனார் ஆரோக்கியநாதன் மூடவில்லை. என் மகள் ஹரிணியைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போனவர் திருப்பித் தரவில்லை. அவளுக்கு ஆறு வயசு. கோர்ட்டில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் வக்கீல் உங்கள் வீடியோவைத்தான் எடுத்து நீட்டுகிறார்.

நான் கேட்பது இரண்டு. அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். வெட்டாத முழுப் பதிவை எனக்குக் கொடுங்கள். எனக்கு என் பிள்ளை வேண்டும் மேடம். வேறு ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
வெங்கட்


ஓசூர்
11 ஜூன் 2025

திரு. வெங்கட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போன் இல்லை என்பதால் நானும் தபாலிலேயே பதில் எழுதுகிறேன். மழுப்பத் தெரியாது, நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாவட்டத்துக்கு வந்த நாளிலிருந்து புகுந்த வீட்டில் செத்துப்போன பெண்களின் வாசலில் போய் நின்றுகொண்டிருக்கிறேன். வயிற்றுவலி என்பார்கள், ஸ்டவ் வெடித்தது என்பார்கள், வழுக்கி விழுந்தாள் என்பார்கள். எந்தக் கணவனும் ஆமாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. முதல்முறையாக ஒருவர் சொன்னார், நான் பதிவு செய்தேன். இப்போது அவர் நான் சொன்னதே வேறு என்கிறார். என் இடத்தில் இருந்தால் நீங்கள் நம்புவீர்களா?

மொழி தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டேன் என்கிறீர்கள். எனக்குத் தெலுங்கு தெரியாதுதான், நான் நாகர்கோவில்காரி. ஆனால் காது இருக்கிறது. நீங்கள் பேசுவதற்கு முன்னால் ஒரு குரல் "எவரு கொன்னாரு?" என்று கேட்டது. நீங்கள் "நானே கொன்னா" என்றீர்கள். கேள்வியும் பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தித்தானே இருக்கிறது? இதில் நான் எதைத் திரித்தேன்?

ஒருவர் கேட்டார் என்று செய்தியை எடுத்தால் நாளைக்குக் குவாரிக்காரர் வந்து கேட்பார், மறுநாள் கழிவுநீரை ஏரியில் விடுகிற கம்பெனிக்காரர் கேட்பார். பிறகு நான் பூ வியாபாரத்துக்குத்தான் போக வேண்டும். வெட்டாத பதிவை யாருக்கும் கொடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. அதில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். உங்கள் குறையைச் சேனலின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். முகவரியை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் மகளுக்காக வருந்துகிறேன். உங்கள் மனைவிக்காகவும்.

ரெனிட்டா


ஜூஜுவாடி
16 ஜூன் 2025

மேடம்,

உங்கள் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். மூன்று பேரும் தெலுங்குக்காரர்கள். ஒருத்தர் சிரித்தார். ஒருத்தர் அழுதார். என் வக்கீல் கோவிந்தப்பன், "இந்தப் பொண்ணு தெரியாமயே உனக்குச் சாட்சி சொல்லியிருக்குதுப்பா" என்றார்.

"எவரு கொன்னாரு" என்றால் "யாரு வாங்கினாங்க" என்று அர்த்தம். அதற்கு முன்னால் "ஆ மந்து" என்று ஒரு வார்த்தை இருந்திருக்கும். மந்து என்றால் மருந்து. அந்த மருந்தை யார் வாங்கினார்கள் என்று ஒரு நர்சம்மா என்னைக் கேட்டார்கள். பேச்சிலே ஆந்திரா குப்பம் பக்கத்து ஆள் மாதிரி தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு என்னிடம் மனுஷியாகப் பேசிய ஒரே ஆள் அவர்கள்தான். நான்தான் வாங்கினேன் என்று பதில் சொன்னேன். கொலைக்கு நாங்கள் வேறு வார்த்தை வைத்திருக்கிறோம், சம்ப்பினா என்போம். அதை நான் சொல்லியிருந்தால் உங்கள் காதுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, நானும் தப்பித்திருப்பேன். என் விதியைப் பாருங்கள்.

என்னை நம்ப வேண்டாம். உங்கள் ஆபீசை விட்டு இறங்கி எந்தக் காய்கறிக்கடையில் வேண்டுமானாலும் கேளுங்கள். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு தெலுங்குக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னால் கழுதைகூடச் சிரிக்கும்.

வக்கீல் எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறார். பேசுகிற உரிமை உங்களுக்குப் பத்தொன்பதாவது பிரிவில் இருக்கிறதாம். மானத்தோடு வாழுகிற உரிமை எனக்கு இருபத்தொன்றில் இருக்கிறதாம். நம்பரில் நான்தான் பெரியவன். ஆனால் கம்பெனி கேன்டீனில் என் மேஜையில் யாரும் உட்காருவதில்லை. பாகங்களை அளந்து பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை எனக்கு. நான் நல்லது என்று கையெழுத்துப் போட்ட பெட்டியை இப்போது இன்னொருத்தர் திரும்ப அளக்கிறார். வீட்டுச் சொந்தக்காரம்மா நாசூக்காக வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். ஹரிணியைப் பார்க்கப் போனால் மாமியார் மேரிராணி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எம்பொண்ண முழுங்கிட்ட, இவளையாச்சும் உட்டுடு" என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை மேடம். நான் அவர்கள் இடத்தில் இருந்து அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் நானும் பிள்ளையைக் கொடுத்திருக்க மாட்டேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேள்வி உங்களிடம் இருக்கிறது. கொடுங்கள்.

வெங்கட்


ஓசூர்
5 ஜூலை 2025

திரு. வெங்கட் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

உழவர் சந்தைக்குப் போனேன். உங்கள் பேச்சைப் பொய்யாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன், மறைக்கவில்லை. கீரை விற்கிற அம்மா ஒருவரிடம் கொன்னா என்றால் என்ன என்று கேட்டேன். அவர் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டி, "கொத்திமீர கொன்னாவா? கொத்தமல்லி வாங்கினியா? அவ்ளோதாம்மா" என்றார். பக்கத்துக் கடைக்காரரும் தலையாட்டினார். நான் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அறைக்கு வந்து பதிவைத் திரும்பப் போட்டேன். "ஆ மந்து" இருக்கிறது. நான் அதை ஏதோ விம்மல் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் சேனல் ஆசிரியரிடம் போனேன். திருத்தம் போடலாம், வீடியோவை எடுக்கலாம் என்று சொன்னேன். எடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு வழக்குப் போடுவார்கள், வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இத்தனை பேர் பார்த்த ஒன்றை எடுக்க அவருக்கு மனசில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வீடியோ வந்தபோது எனக்குக் கேக் வெட்டியவர் அவர்.

பதிவை ஏன் கொடுக்க முடியாது என்பதை மட்டும் கேளுங்கள். உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அடுத்த நிமிஷமே என் பக்கம் திரும்பி, அந்த ஆஸ்பத்திரியில் படிக்காத ஆட்கள் ஊசி போடுவதைப் பற்றிச் சொன்னார். பேரும் முகமும் குரலும் வெளியே வராது என்று நான் வாக்குக் கொடுத்தேன். அவர் சொன்னதை வைத்துத்தான் மார்ச்சில் குரலை மாற்றி ஒரு செய்தி போட்டோம். அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்று நிர்வாகம் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது. அங்கே தெலுங்கு பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அவருடைய ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்தபோதே வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

பதிவில் அந்தக் குரல் காதில் விழுந்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். உங்களைக் காப்பாற்றுகிற வாக்கியம் அவர் வாயில் இருக்கிறது.

ஆகவே நானே கோர்ட்டுக்கு வருகிறேன். நான் மொழி தெரியாமல் தவறாகப் போட்டேன் என்று சத்தியம் செய்து எழுதித் தருகிறேன். இதனால் என் வேலை போனாலும் போகட்டும்.

ரெனிட்டா


ஜூஜுவாடி
21 ஆகஸ்ட் 2025

மேடம்,

நேற்று நீங்கள் கூண்டில் நின்றதைப் பார்த்தேன். வந்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிட்டேன்.

ஆனால் அவர்கள் வக்கீல் உங்களை மூன்று கேள்வியில் முடித்துவிட்டார். தெலுங்கு தெரியுமா என்றார், தெரியாது என்றீர்கள். பிப்ரவரியில் தெரியாதது இப்போது எப்படித் தெரிந்தது என்றார், கீரைக்கார அம்மா சொன்னார்கள் என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். முழுப் பதிவு எங்கே என்றார், தர முடியாது என்றீர்கள். வெளியே வந்ததும் மாமனார் யாரிடமோ, "ரிப்போர்ட்டரையும் சரிக்கட்டிட்டான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டவன் கதையாகப் போச்சு என் கதை.

நான் தெலுங்கில் பேசினேனா தமிழில் பேசினேனா என்பதற்கே இப்போது சாட்சி கேட்கிறார்கள். ஓசூர்க்காரன் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் நடந்து கன்னடத்தில் போய் உட்காருவான். அழும்போது எந்தப் பாஷையில் அழுதாய் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? கேள்வி தெலுங்கில் இருந்தால்தான் பதிலும் தெலுங்கு என்று ஜட்ஜம்மா நம்புவார்கள். வெட்டின துண்டு வேண்டாம், முழுசாகக் கொண்டு வாருங்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். வெட்டித்தானே இந்த வினை வந்தது?

அந்த நர்சம்மாவை நானே தேடிப் போனேன். கோபப்படாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். ஷிஃப்ட் முடிந்து வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நான் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரும்பவும் உள்ளேயே போய்விட்டார்கள். நான் இப்போது ரோட்டில் எப்படி முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கிறேனோ அப்படியே நடந்து போனார்கள்.

அடுத்த வாய்தாவில் ஜட்ஜம்மா ஹரிணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசப் போகிறார்கள். அதற்கப்புறம் தீர்ப்புதான். அவளைத் தொட்டு ஆறு மாசத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு ராத்திரி பகல் தெரியவில்லை. வேலைக்குப் போய் ஒரு நாள் நல்ல பாகத்தையெல்லாம் கழிவுப் பெட்டியில் போட்டிருக்கிறேன். உங்கள் காலில் விழுகிறேன் மேடம். அவர்களிடம் ஒரு தடவை கேளுங்கள்.

வெங்கட்


ஓசூர்
2 செப்டம்பர் 2025

வெங்கட்டுக்கு,

கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் முடியாது என்றார். "அந்தாளு பாவம்தான். ஆனா என் வேலை போனா எங்க வீட்ல அடுப்பு எரியாது. நீ சத்தியம் பண்ணியிருக்க" என்றார். பிறகு அழுதார். நானும் அவரும் பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம், போகிறவர்கள் ஏதோ சாவு வீடு என்று நினைத்திருப்பார்கள்.

நான் வேலையை விட்டுவிட்டேன். வீடியோவை எடுக்கச் சொல்லிக் கடைசியாக ஒரு தடவை சண்டை போட்டேன். எடுத்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே எத்தனையோ பேருடைய வலைப்பக்கத்தில் ஏறிவிட்டது. ஒருவன் பாட்டுச் சேர்த்துப் போட்டிருக்கிறான். அவர்களுக்கெல்லாம் நான் எழுதிப் பார்த்தேன். பதிலே இல்லை.

இதோடு ஒரு பென்டிரைவ் இருக்கிறது. முழுப் பதிவு. வெட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை.

ஏன் அனுப்புகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத செய்தியாளரிடம் நாளைக்கு எந்த நர்சும் எந்தத் தொழிலாளியும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றினால் ஒரு குழந்தை அப்பாவைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டே வளரும். இரண்டையும் தராசில் வைத்து வைத்துப் பார்க்கிறேன், எந்தத் தட்டும் இறங்கவில்லை. ஆளை ஆளாகப் பார்க்காமல் செய்தி போடும்போது இந்தத் தடுமாற்றம் இல்லை. உங்கள் இருவரையும் பார்த்துவிட்டேன், அதுதான் தொல்லை.

என்னால் முடிவெடுக்க முடியவில்லை. நீங்கள் எடுங்கள். இது கோழைத்தனம் என்று எழுதுவீர்கள், எழுதுங்கள்.

ரெனிட்டா


ஜூஜுவாடி
9 செப்டம்பர் 2025

மேடம்,

கோழைத்தனம்தான். கொள்ளிக்கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்கப் போய்விட்டீர்கள்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். என் அழுகையை நானே கேட்டேன். அந்த நர்சம்மா கேள்வி கேட்கிற குரலையும் கேட்டேன். எவ்வளவு பதமாகக் கேட்கிறார்கள். அப்புறம் உங்களிடம் பேசுகிறார்கள். "என் முகம் வேணாம்மா, குரல் வேணாம்மா, தெரிஞ்சா என்ன உயிரோட உடமாட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நீங்கள் சரி சரி என்கிறீர்கள். சென்டர்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கு வராண்டாவில் என்னிடமும் யாராவது உன் முகம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

வக்கீலிடம் பதிவு கிடைத்ததைச் சொல்லவில்லை. அவரிடம் பொதுவாக விசாரித்தேன், கதவை மூடிக்கொண்டு ஜட்ஜம்மா மட்டும் கேட்க முடியாதா என்று. கேட்கலாம், ஆனால் எதிர்த்தரப்புக்கு நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். நகல் போனால் போனுக்குப் போகும். போனுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கொடுக்கப் போவதில்லை. ஹரிணி என் பிள்ளை. ஜட்ஜம்மா தனியாகக் கேட்டால் அப்பாவிடம் போகிறேன் என்று அவளே சொல்லிவிடுவாள். இந்த வீட்டில் அவள் என்னை விட்டு ஒரு நாள் தூங்கினதில்லை. அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறேன்.

வெங்கட்


ஜூஜுவாடி
26 செப்டம்பர் 2025

மேடம்,

நேற்று வாய்தா. உங்களுக்கு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜட்ஜம்மா நல்ல மாதிரி. தன் அறைக்கு அழைத்து, எங்கள் இரண்டு பக்கத்தையும் சுவரோரம் உட்கார வைத்து, நான் குழந்தையைத் தனியாகக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் அவளோடு பத்து நிமிஷம் பேசுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். ஹரிணி வளர்ந்திருக்கிறாள். முடியை வெட்டிவிட்டிருக்கிறார்கள். அவள் அம்மாவின் ஜாடை வந்துவிட்டது. மேரிராணி அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கீழே தரையில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று எத்தனையோ ராத்திரி ஒத்திகை பார்த்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. என்னையும் அறியாமல் வீட்டுப் பேச்சுத்தான் வந்தது. "ஏம் கொனாலிம்மா நீக்கு?" என்று கேட்டேன். உனக்கு என்ன வாங்கித் தரணும் என்று கேட்டேன் மேடம். எல்லா அப்பனும் கேட்கிறதுதான்.

அவள் அலறிவிட்டாள். "பாட்டி, கொல்றேங்குது" என்று சொல்லிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். ஏழு மாசமாக அந்த வீட்டில் யாரும் தெலுங்கு பேசவில்லை. அவளுக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் போய், உங்கள் வீடியோவில் கேட்ட அந்த ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் மேஜைக்குக் கீழே குனிந்து, வாங்கித் தரேன்னு சொன்னேன் கண்ணு, வாங்கித் தரேன்னு சொன்னேன் என்று தமிழில் சொன்னேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் காலெல்லாம் நனைந்திருந்தது. பயத்தில் பாவாடையோடு ஒன்றுக்குப் போய்விட்டாள்.

ஆரோக்கியநாதன் மாமாகூட அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பென்டிரைவ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். கொடுக்க மாட்டேன் என்று உங்களுக்கு எழுதியவன் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தானே போயிருக்க வேண்டும். எடுத்து ஜட்ஜம்மா மேஜையில் வைத்துவிட்டேன். வக்கீல் கோவிந்தப்பன் திகைத்துப் போனார். யாரும் வற்புறுத்தவில்லை. நர்சம்மா சொன்னதெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் இருந்தது, மறந்துபோய்க் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். மேஜைக்கு அடியில் என் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

அங்கேயே போட்டுக் கேட்டார்கள். தெலுங்கு தெரிந்த குமாஸ்தா ஒருத்தரைக் கூப்பிட்டு வரி வரியாகச் சொல்லச் சொன்னார்கள். "அந்த மருந்தை யார் வாங்கினார்கள், நான்தான் வாங்கினேன்" என்று அவர் சொன்னதும் மேரிராணி அத்தை என்னைப் பார்த்தார்கள். அதற்குமேல் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்துங்கள் என்று நான் சொன்னேன். முழுசாகக் கேட்க வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டார்கள்.

வாரம் ஒரு நாள் ஹரிணியைப் பார்க்கலாம் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். பயம் தெளிந்த பிறகு மற்றதைப் பார்க்கலாமாம். தெளியுமா என்று ஜட்ஜம்மாவுக்கும் தெரியாது. நான் இனி அவளிடம் தமிழில்தான் பேசுவேன்.

நகல் அவர்கள் வக்கீலுக்குப் போய்விட்டது. கேள்வி கேட்ட குரல் யாருடையது என்று கண்டுபிடித்து, ஆஸ்பத்திரி முகவரிக்கே சம்மன் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டார்கள், எனக்குப் பேர் தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் அங்கே தெலுங்கு பேசுகிற நர்ஸ் ஒருத்தர்தானே இருக்கிறார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன், நேரம் இல்லை. சம்மன் வருவதற்குள் நீங்கள் நர்சம்மாவிடம் போங்கள். அந்தச் சான்றிதழ்களை வாங்க ஏதாவது வழி இருந்தால் பாருங்கள். உங்களைக் குற்றம் சொல்வார்கள், அதை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள்.

வெங்கட்